எமகண்டம் எழுப்பிவிட்ட மெஷின்

இந்தச் சென்னைப் பட்டணத்தில் எந்தக் காரியத்தையும் சொன்னவுடன் ஆரம்பிக்காமலே முப்பது வருடம் உத்தியோகம் பார்த்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் எமகண்டம்தான். அரசாங்க உத்தியோகஸ்தர்கள் போட்டிக்கு வர வேண்டாம். நீங்கள் ஆரம்பிக்காததற்குக் காரணம் சோம்பல். அவர் ஆரம்பிக்காததற்குக் காரணம் பஞ்சாங்கம். இரண்டும் ஒன்றில்லை என்று அவரே எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆபீஸில் யாரும் அதைப் புழங்கவில்லை. "சார், பிரிண்டர் மக்கர் பண்ணுது, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று போய் நின்றால், முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் நம்மைப் பார்ப்பார். "இப்போ எமகண்டம் நடந்துண்டிருக்கு. பன்னண்டு அடிக்கட்டும், வரேன்" என்பார். பன்னிரண்டு அடித்தால் வேறு ஏதாவது வந்துவிடும். ஒரு நாளைக்கு ராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி, குளிகை ஒன்றரை மணி. சாப்பாடு, காபி, கை அலம்புவது எல்லாம் போக, அவர் வேலை பார்க்கத் தோதான நேரம் சுமாராக இரண்டு மணி தேறும். அந்த இரண்டு மணியில் நாம் வேறு வேலையாக இருப்போம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு என்ன வியாதி, என்ன மருந்து என்று பேசிப் பதிவு செய்து வைப்பார்கள். அந்தப் பேச்சு கம்பி வழியாக எங்களுக்கு வந்து சேரும். நாற்பது பெண்கள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் அடிப்பார்கள். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வேறு போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்த நான் பிழை திருத்துவேன். அங்கே டாக்டர்கள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள், அதாவது நமக்கு மாலை ஆறு மணிக்குள், அடித்ததெல்லாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆறு ஐந்துக்குப் போனால் அங்கிருந்து போன் வரும்.

கீழே பாத்திரக் கடையும் மேலே எங்கள் கடையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். குடமும் குத்துவிளக்கும் விற்று நன்றாக இருந்த மனிதர். கம்ப்யூட்டரும் ஒரு பாத்திரம்தான் என்ற தெளிவோடு இதில் இறங்கியிருந்தார்.

காபி ஃபிளாஸ்க் வைக்கும் அறையில் இருந்தது, எல்லா மெஷின்களையும் இணைத்து வைக்கும் சர்வர். மற்ற மெஷின்களில் எல்லாருக்கும் தெரிந்த விண்டோஸ். சர்வரில் மட்டும் லினக்ஸ். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து எமகண்டம் ஏற்றியது. அதற்கு முன்னால் அவர் பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் கம்பி வழியாகச் செய்தி அடித்து அனுப்பும் டெலக்ஸ் ஆபரேட்டர். ஈமெயில் வந்து டெலக்ஸுக்குப் பால் ஊற்றியது. ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், எது தன் வேலையைத் தின்றதோ அதையே உட்கார்ந்து படித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். லினக்ஸ் என்றால் ஏதோ இருமல் மருந்து என்று ஊர் நினைத்திருந்த காலம். அவர் கெட்டிக்காரர் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் பஞ்சாங்கத்திடம் அடகு வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சர்வரில் நான்கு சர்வீஸ்கள். வெளி லைனைப் பிடிப்பது ஒன்று. எல்லாரும் கோப்பு எடுத்து வைக்கும் பொது அலமாரியைத் திறப்பது ஒன்று. தபாலை அனுப்புவது ஒன்று. பிரிண்டர் ஒன்று. கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக எழுந்துவிடும். எழுந்து, மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருக்கும். எமகண்டம் வந்து பாஸ்வேர்டு போட்டு, நான்கு சர்வீஸையும் இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டால்தான் எங்களுக்கு வேலை ஓடும். பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "ஆத்துக்காரிகிட்டகூடச் சொன்னதில்லை" என்று பெருமையாகச் சொல்வார். அந்த அம்மாள் கேட்டிருக்கவும் மாட்டார்.

ஒரு நாள் மதியம் ஒரு மணிக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். பத்து நிமிஷம் தாக்குப்பிடித்துவிட்டு உயிரை விட்டது. பத்து நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது. மெஷினும் எழுந்தது. எமகண்டத்தைத்தான் காணவில்லை. பாத்திரக் கடைச் சத்தத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பனகல் பார்க்குக்குப் போயிருந்தார். நாற்பது பெண்களும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஜடையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஸ்டெல்லா, பட்டினப்பாக்கத்துப் பெண். அமெரிக்க டாக்டர் மூச்சு விடாமல் சொல்லும் மருந்துப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடிப்பாள். பொறுமை மட்டும் கிடையாது. கிடுகிடுவென்று இறங்கிப் போய் பார்க்கில் அவரைப் பிடித்துவிட்டாள்.

"இன்னா சார், நீ பாட்டுக்கு இங்க குந்திக்கினு தயிர் சோறு துன்னுகினு கீறே? அங்க மெஷினு முயிச்சிக்கினு கீது, வேலைதான் ஒண்ணும் நடக்கல."

"சாப்பிடறப்போ எழுந்திருக்கக் கூடாதும்மா. அன்னத்தைப் பாதியில விட்டா தோஷம்."

"ஆறு மணிக்குள்ள அனுப்பலேன்னா நம்ம மொதலாளி கத்துவாரே, அதுக்கு இன்னா தோஷம்?"

அவர் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு, மோர்மிளகாயை மென்று, பார்க் குழாயில் கை அலம்பி, வழியில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துசேரும்போது மணி இரண்டேகால். மாடிப்படியில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"சார், எங்க வீட்டுல ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கு. கரண்ட் போனா நிக்குது, வந்தா தானா ஓடுது. அதுக்குப் பாஸ்வேர்டு போட நான் யாரையும் வெச்சிருக்கலை. உங்க மெஷின் என்ன, எங்க வீட்டு ஃப்ரிட்ஜைவிட மட்டமா?"

எமகண்டத்துக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவரைத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். லினக்ஸை ஃப்ரிட்ஜுக்குக் கீழே வைத்ததைப் பொறுக்க முடியவில்லை. "தானா ஓடற மாதிரி பண்ணித் தரேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

பதினோரு நாள் உழைத்தார். மெஷின் எழுந்தவுடன் தானாகவே ஒரு கோப்பை எடுத்துப் படிக்குமாம். அதில் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்துவிட்டால், யார் தயவும் இல்லாமல் ஒவ்வொன்றாகச் செய்யுமாம். பன்னிரண்டாம் நாள் நல்ல நேரம் பார்த்து, முதலாளியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டினார். திரையில் வரிகள் ஓடின. நான்கு சர்வீஸும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே கிளம்பின. பெண்கள் கை தட்டினார்கள். முதலாளி எல்லாருக்கும் காபி வரவழைத்தார். "ஃப்ரிட்ஜ் மாதிரியே இருக்கு சார்" என்று பாராட்டினார். எமகண்டம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது. ஒரு நாள் கரண்ட் வந்தவுடன் நான்கும் தானாகக் கிளம்பும். மறுநாள் கிளம்பாது. மெஷின் எழுந்து உட்கார்ந்திருக்கும், லைட் எரியும், வேலை மட்டும் நடக்காது. எமகண்டத்திடம் போனால் பதறவே மாட்டார். "கொஞ்சம் பொறுங்கோ, வந்துடும்" என்பார். சொன்னபடியே முக்கால் மணியோ ஒரு மணியோ கழித்து எல்லாம் தாமே கிளம்பும். முதலாளி யு.பி.எஸ். கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுத் திட்டினார். ஒயர்களை மாற்றினார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார், அவர் வந்து சுவரை மோந்து பார்த்துவிட்டுப் போனார். "அந்த மெஷினுக்கு மூடு கீது சார். மூடு வந்தாதான் வேலை செய்யும்" என்றாள் ஸ்டெல்லா. இரண்டு மாதத்துக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே விளக்கம் அதுதான்.

மர்மத்தைக் கண்டுபிடித்தது நான். துப்பறிந்தெல்லாம் இல்லை. எமகண்டம் தான் எழுதிய அந்தக் கோப்பைப் பிரிண்ட் எடுத்து, பழுப்பு அட்டை போட்டுத் தைத்து என்னிடம் கொண்டுவந்தார். "உள்ளே இங்கிலீஷ்ல குறிப்பு எழுதியிருக்கேன். இலக்கணப் பிழை இருந்தா திருத்திக் குடு. நாளைக்கு நாலு பேர் படிப்பா" என்றார். நாலு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. வாங்கிப் படித்தேன். பாதி புரியவில்லை. நடுவில் ஏழு வரியில் ஒரு அட்டவணை. முதல் வரி திங்கள், ஏழரையிலிருந்து ஒன்பது. அடுத்தது சனி, ஒன்பதிலிருந்து பத்தரை. அடுத்தது வெள்ளி, பத்தரையிலிருந்து பன்னிரண்டு. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுச் சமையலறையிலும் காலண்டர் தொங்குகிறது.

"சார், இது ராகுகாலம்!"

"பின்னே என்ன?"

"மெஷினுக்கா?"

"கத்தாதேடா. நன்னா கேட்டுக்கோ. கரண்ட் வந்தா மெஷின் எழுந்திருக்கறது. அது என் கையில இல்லை, எலெக்ட்ரிசிட்டிக்காரன் கையில இருக்கு. ராகுகாலத்துல தூங்கி எழுந்துக்கலாம், தப்பில்லை. ஆனா ஒரு காரியத்தை ஆரம்பிக்கலாமோ? அது என் கையிலன்னா இருக்கு. அதனாலதான் எழுந்த உடனே நேரம் பார்க்கச் சொல்லியிருக்கேன். ராகுகாலமா இருந்தா கம்முனு உட்காரும். முடிஞ்சதும் ஆரம்பிக்கும்."

"அப்போ எமகண்டம்?"

"எமகண்டம் உசிர் இருக்கறவாளுக்கு. மெஷினுக்கு ஏதுடா எமன்?"

"குளிகை?"

"குளிகையில ஆரம்பிச்சது திரும்பத் திரும்ப நடக்கும். சர்வீஸ் திரும்பத் திரும்ப ஆரம்பிக்கறது நல்லதுதானே? அதனால விட்டுட்டேன்."

இப்படிப்பட்ட மனிதரோடு யார் என்ன வாதாட முடியும்? ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நல்லெண்ணத்தால் அல்ல. ரகசியத்தை ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு ராகுகாலத்தில் கரண்ட் போனால் எங்கள் இருவருக்கும் கொண்டாட்டம். மெஷின் எப்போது கிளம்பும் என்று நிமிஷக் கணக்காக எங்களுக்குத் தெரியுமே. மற்றவர்கள் எந்த நிமிஷம் வருமோ என்று திரையை முறைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் நிதானமாக இறங்கிப் போய் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, சரியாக இரண்டு நிமிஷம் முன்னால் வந்து சீட்டில் உட்காருவோம்.

பஜ்ஜிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஆபத்து வந்தது. மூன்றேகாலுக்குக் கரண்ட் போய், மூன்றரைக்கு வந்தது. செவ்வாய் ராகுகாலம் நாலரை வரை. ஒரு மணி நேரம் போனதில், வேலை முடிந்து எல்லாம் போய்ச் சேர்வதற்கு ஆறு ஐந்து ஆகிவிட்டது. அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. முதலாளி போனை வைத்துவிட்டு நேராக எமகண்டத்திடம் வந்தார்.

"சார், வயசுல பெரியவர்னு பார்க்கறேன். இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா நீங்க வீட்டுக்குப் போயிடலாம். கம்ப்யூட்டர் சர்டிஃபிகேட் வாங்கின பசங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அமெரிக்காவுலேர்ந்து அவங்க ஆளு வர்றார். கரண்டை அணைச்சுப் போட்டுப் பார்ப்பாராம். மெஷின் தானா வந்துச்சுன்னா இன்னும் மூணு ஆஸ்பத்திரி வேலை நமக்கு. வரலைன்னா இருக்கறதும் போச்சு, முதல்ல உங்க வேலை போச்சு."

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. ராகுகாலத்தின் நட்டநடு. நானும் ஸ்டெல்லாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எமகண்டத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வயதில், அந்தப் பஞ்சாங்கத்தோடு, அவரை வேறு எந்த ஆபீஸ் வேலைக்கு வைத்துக்கொள்ளும்? விளையாட்டு வினையாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காபி அறையில் அவரை மடக்கினோம். "சார், ஒரே ஒரு நாளைக்கு அந்த ஏழு வரியை எடுத்துடுங்க. சனிக்கிழமை திரும்பப் போட்டுக்கலாம்" என்று கெஞ்சினேன்.

"என் கையால எடுக்க மாட்டேன்."

"பாஸ்வேர்டைக் குடுங்க. என் கையால எடுக்கறேன்."

"அதுக்கு என் கையாலயே எடுத்துடலாமே. ஆரம்பிக்கறவன் யாரா இருந்தா என்ன, தோஷம் தோஷம்தான். மூணு ஆஸ்பத்திரி வேலை, எத்தனை பேரோட பொழைப்பு! அதை ராகுகாலத்துலயா ஆரம்பிக்கறது?"

ஸ்டெல்லா அதுவரை ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பெண். ராகுவும் கேதுவும் அவளுக்கு எந்த உறவும் இல்லை.

"சார், ஒண்ணு கேக்கறேன். இந்த வேலை யாரு வேலை?"

"அமெரிக்காக்காரன் வேலை."

"மெஷினு யாருக்கோசரம் ஓடுது?"

"அவனுக்காகத்தான்."

"அப்போ நம்மூரு ராகுகாலம் இன்னாத்துக்கு சார் பாக்கறே? இங்க வெள்ளிக்கெயமெ காலைல பதினொண்ணுன்னா, அவன் ஊர்ல வெடிகாலம் ஒண்ணரை. அல்லாரும் தூங்கிக்கினு கீறாங்க. அங்க ஏது சார் ராகுகாலம்?"

எமகண்டம் காலண்டரைப் பார்த்தார். வெளியே போய்விட்டார். இரண்டு நாள் காகிதமும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிரிண்டர் மக்கர் செய்தபோது எமகண்டம் என்றுகூடச் சொல்லாமல் வந்து பார்த்தார், அதில் நாங்கள் இன்னும் பயந்துபோனோம். மூன்றாம் நாள் கையில் ஒரு புதுச் சுவர்க் கடிகாரத்தோடு வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, சர்வருக்கு மேலே மாட்டி, ஒன்பதரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்.

"ஸ்டெல்லா சொன்னதுல நியாயம் இருக்கு. யாருக்காக காரியமோ, அவா ஊர்க் காலத்தைத்தான் பார்க்கணும். மெஷின் இனிமே அமெரிக்கா நேரத்துக்கு ராகுகாலம் பார்க்கும்" என்றார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தார் அமெரிக்கர். ஆறடி உயரம், மாடி ஏறுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. முதலாளி புது வேட்டியில் நின்றார், கீழே கடையில் குடம் தட்டக் கூடாது என்று உத்தரவு. அமெரிக்கர் தன் கையாலேயே மெயின் சுவிட்சை அணைத்தார். யு.பி.எஸ்.ஸையும் அணைத்தார். ஐந்து நிமிஷம் கழித்து இரண்டையும் போட்டார். நாற்பது பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். மெஷின் எழுந்தது. லைன் கிளம்பியது. அலமாரி திறந்தது. தபால் கிளம்பியது. பிரிண்டர் உறுமியது. அமெரிக்கர் எமகண்டத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு ஒழுங்காக எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"எவ்ரிதிங் ஐ சீ இன் யுவர் டைம், சார். நாட் இன் மை டைம்" என்றார் எமகண்டம், மேலே இருந்த கடிகாரத்தைக் காட்டி.

அமெரிக்கர் நெகிழ்ந்துவிட்டார். வாடிக்கையாளர் நேரத்தில் வாழும் ஊழியர் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். மூன்று ஆஸ்பத்திரியும் கிடைத்தன. அன்று முழுவதும் முதலாளி எமகண்டத்தின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் ஸ்டெல்லாவும் எதையோ சாதித்தவர்கள் மாதிரி ஆளுக்கு நான்கு பஜ்ஜி சாப்பிட்டோம். சாமர்த்தியசாலிகளுக்கு ஒரு குணம் உண்டு, கணக்கைப் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை ராகுகாலம் நமக்கு எப்போது வரும் என்று நாங்கள் பார்க்கவில்லை. மற்ற கிழமைகளையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து பத்துக்குக் கரண்ட் போனது. ஐந்து இருபத்தைந்துக்கு வந்தது. எழுதி முடித்த அத்தனை கோப்புகளும் அனுப்பத் தயாராக இருந்தன, புது ஆஸ்பத்திரிகளின் முதல் நாள் வேலையும் சேர்த்து. மெஷின் எழுந்தது. எழுந்து, சும்மா உட்கார்ந்தது. நான் காபி அறைக்கு ஓடினேன். எமகண்டம் சர்வருக்கு எதிரே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே அமெரிக்கக் கடிகாரம். காலை எட்டு மணி. திங்கட்கிழமை, ஏழரையிலிருந்து ஒன்பது.

"சார், நம்ம ஊர்ல இப்போ ராகுகாலமே இல்லை சார்! காலையிலேயே போயிடுச்சு. கையால ஆரம்பிச்சுடுங்க சார்!"

"எனக்கும் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"வெள்ளிக்கிழமை அவா ஊர் நேரம்னு சொல்லி நன்மையை வாங்கிண்டாச்சு. இன்னிக்குக் கஷ்டம் வந்ததும் எங்க ஊர் நேரம்னு சொல்லலாமோ? அப்படிச் சொன்னா, வெள்ளிக்கிழமை நான் பண்ணினது சாஸ்திரம் இல்லை, திருட்டுத்தனம்."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். விஷயத்தை எமகண்டமே ஒளிக்காமல் சொன்னார். ஏழு வரி, அமெரிக்கா, எல்லாவற்றையும். முதலாளிக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது.

"அமெரிக்காவுக்கு ராகுகாலமா? யோவ், ஆறு மணிக்குள்ள போகணும்யா! பாஸ்வேர்டைச் சொல்லுய்யா!"

"சொல்றேன். ஆறரைக்கு."

முதலாளி கத்தியதை இங்கே எழுத முடியாது. கீழே பாத்திரக் கடையில் வியாபாரமே நின்று, வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம். ஸ்டெல்லா கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றாள். எமகண்டத்தின் நெற்றியில் வியர்வை கோத்துக் கண்ணில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. நான்கு வார்த்தை அடித்தால் வேலை பிழைத்துவிடும். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சரியாக ஆறரைக்கு லைன் கிளம்பியது. அலமாரி, தபால், பிரிண்டர். கடைசிக் கோப்பு போய்ச் சேரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. போனதும், ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி முதலாளியின் மேஜையில் வைத்தார். முதலாளி தலை நிமிராமலே, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார். மறு வாரமே சர்டிஃபிகேட் வாங்கிய ஒருவன் வந்து அந்த ஏழு வரியையும் எடுத்தான். அதற்குப் பிறகு மெஷின் ஒருநாளும் தாமதிக்கவில்லை. முதலாளியின் ஃப்ரிட்ஜ் மாதிரியே ஓடியது.

அந்தத் திங்கட்கிழமை இரவு பஸ் ஸ்டாப்பில் எமகண்டத்தோடு நாங்கள் இருவரும் நின்றோம். பாண்டி பஜார் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. ஸ்டெல்லா அழுதாள். அவள் அழுது நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"எல்லாம் என்னாலதான் சார். நான் வாயெ மூடிக்கினு இருந்திருக்கலாம்."

"அசடே, அழாதே. நீ சொன்னது சரியான வாதம். ரெண்டு நாள் ராத்தூக்கம் இல்லாம யோசிச்சுப் பார்த்தேன், ஓட்டையே கண்டுபிடிக்க முடியலை. தப்பா இருந்தா நான் ஒத்துண்டிருப்பேனா?" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "பையனுக்குத்தான் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு" என்றார்.

நியாயம் எனக்குச் சாதகமாக இருக்கும்வரை நியாயம், இல்லாவிட்டால் வேறு நியாயம் என்றுதான் நான் வளர்ந்தேன். முதலாளியும் அப்படித்தான், அந்த அமெரிக்கரும் அப்படித்தான் இருந்திருப்பார். ஒரு முட்டாள்தனத்தைக்கூட இவ்வளவு யோக்கியமாகச் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வந்த நாளிலிருந்து வாய் ஓயாமல் அவரைக் கேலி செய்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை.

மயிலாப்பூர் பஸ் வந்தது. டிபன் பாக்ஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக ஏறிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. நான் குடியிருந்தது கிண்டியில், நேர் எதிர்த் திசை. ஸ்டெல்லா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாளா, நானாகவே ஓடினேனா, தெரியவில்லை. கம்பியைப் பிடித்துத் தாவி ஏறிவிட்டேன்.

அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"நீ எங்கடா இந்தப் பக்கம்?"

"மயிலாப்பூர்ல ஒரு வேலை சார்."

"என்ன வேலை?" என்று அவர் கேட்கவில்லை. மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டு, நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.